பொன்னுரங்கம் வீட்டுப் பின்விளக்கு

வாசகர்களே, நம் நாட்டில் ‘வூட்லயே செஞ்சிடலாம்’ என்றொரு இனம் உண்டு. ஓசிப் பேப்பர் படிப்பவர், பந்தியில் இடம் பிடிப்பவர், பஸ்ஸில் ஜன்னலைத் திறக்க விடாதவர் என்று மற்ற இனங்களைப் பற்றியெல்லாம் பேசித் தீர்த்துவிட்டோம். இந்த இனத்தை மட்டும் யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. கணக்கெடுக்க வருகிறவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, அவர் பேனாவை வாங்கித் திருகிப் பிரித்து, உள்ளே இருந்த ஸ்பிரிங்கைக் கட்டிலுக்கடியில் தொலைத்துவிட்டு, ‘இந்த மாதிரி ஒண்ணு நாமளே செஞ்சிடலாங்க’ என்று வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம்.

இவர்களை எப்படி அடையாளம் காண்பது? கடைக்குப் போனால் தெரிந்துவிடும். நாம் ஒரு பொருளை எடுத்தால் விலையைப் பார்ப்போம். இவர்கள் குப்புறக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள். ‘இத்த எப்படிங்க ஒட்டியிருக்கான்?’ என்று கேட்பார்கள். கடைக்காரருக்குத் தெரியாது. தெரியாதவனிடம் எப்படி வாங்குவது என்று வெளியே வந்துவிடுவார்கள். இவர்கள் வீட்டில் ஒரு தகர டப்பா இருக்கும். உள்ளே கழன்ற ஸ்க்ரூ, ஒற்றை வாஷர், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி, எதிலிருந்து வந்தது என்று கடவுளுக்கே தெரியாத ஒரு பித்தளைத் துண்டு. அந்த டப்பாவை இரண்டடி நகர்த்தி வைத்ததற்காக நின்றுபோன சம்பாஷணைகள் எத்தனையோ குடும்பங்களில் இன்னும் தொடங்கவில்லை.

இந்த இனத்தின் சுத்தமான மாதிரி ஒருவரை நான் காட்டுகிறேன். பெயர் பொன்னுரங்கம். கச்சிராயபாளையத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், வாசலில் நின்று பல் தேய்த்தால் கல்வராயன் மலை முழுசாகத் தெரிகிற ஊர். கரும்பும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. அவர் வீட்டுக்குப் போனால் எதையும் தொடுவதற்கு முன்பு அவர் மனைவி அமிர்தத்தின் முகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. அவர் செய்த முக்காலியில் உட்காருகிறவர்கள் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து உட்கார வேண்டும். அவர் பழுது பார்த்த மிக்ஸி அரைக்கும், ஆனால் கூடவே நடக்கும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே சட்னி அரைக்கும் வித்தை அமிர்தத்துக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் ஒரு காரியத்தில் அவர் ஜெயித்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளிமலைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பழைய பியட் காரை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து, எஞ்சினைப் பிரித்து, கொட்டகையிலேயே குடியிருந்து, ஓடவும் வைத்துவிட்டார். அறுபதுகளில் பிறந்த வண்டி. மீன்தொட்டி நீலத்தில் பெயிண்ட் அடித்தார். அதில் அமிர்தத்தை ஏற்றிக்கொண்டு மலைமேல் போய், காப்பித் தோட்டக்காரர் வீட்டு வாசலில் ஹாரன் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. அமிர்தத்துக்கும் அந்த ஆசை இருந்தது. வெளியே சொன்னால் அவர் இன்னொரு கார் செய்ய ஆரம்பித்துவிடுவார் என்று சொல்லவில்லை.

எல்லாம் தயாரான நேரத்தில் அமிர்தத்தின் மாடு செவலை, முதுகு அரிக்கிறதென்று வண்டியின் பின்பக்கம் தேய்த்துக்கொண்டு திரும்பும்போது, கொம்பு பட்டு வலதுபக்கப் பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி நொறுங்கிப்போனது.

கண்ணாடி என்பது பேச்சுக்குத்தான், அது பிளாஸ்டிக். அமிர்தத்தின் தம்பி கொளஞ்சியப்பன் லாரி ஓட்டுகிறவன். விஷயத்தைக் கேட்டதும் சாதாரணமாகச் சொன்னான்.

“மெட்ராசுல பழைய சாமான் கடையில தேடுனா கெடைக்கும் மாமா. அடுத்த நடைக்கு வாங்கியாந்துடறேன்.”

பொன்னுரங்கம் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“எஞ்சினயே இறக்கி ஏத்துனவன் நானு. ஒரு செகப்பு மூடி வாங்கறதுக்கு மெட்ராஸ் போவணுமா? வூட்லயே செஞ்சிடலாம்.”

அமிர்தம் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். கையைக்கூடத் துடைக்காமல் வந்து நின்றாள்.

“இன்னா வேணா செய்யுங்க. செவலை சினையா இருக்குது. பனியில வெளிய கட்டி வச்சிக்கினு இருக்கேன், இந்த வண்டிக்கோசரம். கன்னு போடறதுக்குள்ள வண்டி ரோட்டுல ஓடணும். ஓடலன்னா கொளஞ்சி லாரியில ஏத்தி பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். கொட்டாய் என் மாட்டுக்கு.”

பின்விளக்கு இல்லாமலே ஓட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஊர் முழுக்கக் கரும்பு வெட்டு நடக்கிற மார்கழி. மலை மாதிரி கரும்பு ஏற்றிக்கொண்டு, பின்னால் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லாமல், பனிக்குள் நகர்கிற டிராக்டர்களைத் திட்டியே பொழுதைக் கழித்தவர் பொன்னுரங்கம். ‘பின்னாடி லைட்டு இல்லாதவன் வண்டியே எடுக்கக் கூடாது’ என்று டீக்கடையில் சட்டமே போட்டு வைத்திருந்தார். தான் போட்ட சட்டத்தைத் தானே மீற முடியுமா?

இங்கே இந்த இனத்தின் தலையாய குணத்தைச் சொல்கிறேன். இவர்கள் செய்முறையை அக்கறையோடு படிப்பார்கள். ஒரு வரி விடமாட்டார்கள். பிறகு அதில் சொன்ன ஒவ்வொரு சாமானுக்கும் பதிலாக வேறொன்றைப் போடுவார்கள். பொன்னுரங்கம் செல்போனில் ஒரு வெள்ளைக்காரன் விளக்குக் கண்ணாடி வார்க்கும் வீடியோவைப் பார்த்தார். உடையாத கண்ணாடியை வைத்து அவன் சிலிக்கோன் ரப்பரில் அச்சு எடுத்தான். இவர் சாமி பொம்மைக்கு ஊற்றுகிற பாரிஸ் சாந்தில் எடுத்தார். ஒட்டாமலிருக்க அவன் எதையோ பீய்ச்சினான். இவர் தேங்காய் எண்ணெய் தடவினார்.

மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் என்ன கதியில் இருக்கும் என்பது தலைவாரப் போகிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். உறைந்து திரிதிரியாக நின்றது. எண்ணெய் கட்டியாக நின்ற இடமெல்லாம் அச்சில் குழி விழுந்தது. எண்ணெய் போகாத இடமெல்லாம் சாந்து பிடித்துக்கொண்டது. உள்ளே மாட்டிக்கொண்டது நல்லபடி இருந்த இடதுபக்கக் கண்ணாடி. மெதுவாகத் தட்டினார். கொஞ்சம் பலமாகத் தட்டினார். அது இரண்டாக வந்தது.

வலதை உடைத்தது மாடு. இடதை உடைத்தது பொன்னுரங்கமே. கொட்டகையில் ஸ்டெப்னி டயர்மேல் உட்கார்ந்து, கண் பிடுங்கியதுபோல் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அமிர்தம் வந்து எட்டிப் பார்த்தாள். திட்டத்தான் வந்தாள், முகத்தைப் பார்த்துவிட்டு டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். டீ ஆறுவதற்குள் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. அச்சுதான் இருக்கிறதே.

அச்சில் ஊற்றுவதற்கு ரெசின் என்ற பசையும் அதைக் கெட்டியாக்கும் மருந்தும் வேண்டும். அதை மட்டும் கள்ளக்குறிச்சியில் வாங்கினார். வாங்க நேர்ந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சிவப்புச் சாயமும் சேர்க்கச் சொன்னது வீடியோ. சிவப்புக்குக் கடைக்கா போவது? சாமி மாடத்தில் குங்குமம் இருந்தது. குங்குமம் போட்டு வார்த்த கண்ணாடி பார்க்க லட்சணமாகத்தான் வந்தது. பல்பைப் போட்டால் வெளிச்சம் மட்டும் வெளியே வரவில்லை.

அடுத்தது கேசரிப் பவுடர். அது பசையில் கரையாமல் புள்ளி புள்ளியாக நின்றது. அச்சில் இருந்த குழிகளும் சேர்ந்ததில், அம்மை கண்ட முகம் மாதிரி ஒன்று வந்தது. உள்ளே குமிழி வேறு. குமிழியை அமுக்க வெள்ளைக்காரன் ஒரு காற்றழுத்தப் பாத்திரம் வைத்திருந்தான். இவர் அமிர்தத்தின் குக்கரில் சைக்கிள் பம்பைச் சொருகிக் காற்றடித்தார். குமிழி போகவில்லை, குக்கர் போய்விட்டது. அதில் ஆக்கிய சோறு அதற்குப் பிறகு வார்னிஷ் வாசம் அடித்தது.

“நாளைக்கு என்னியும் பிரிச்சிப் பாப்பீங்க,” என்றாள் அமிர்தம்.

கடைசியாக ஊராட்சி அலுவலகத்தில் சிவப்பு ஸ்டாம்ப் பேடு மையைக் கேட்டு வாங்கிவந்து கலந்தார். நிறம் அசலாக வந்தது. வெளிச்சமும் வந்தது. ஆனால் தண்ணீர் சேர்ந்த மை ஆனதால் பசை காயவே இல்லை. தொட்டால் விரலோடு வந்தது. இவர் யோசித்தார். மாங்காய் எப்படிப் பழுக்கிறது? வைக்கோலுக்குள் வைத்தால் சூட்டில் பழுக்கிறது. பசைக்கும் சூடுதானே வேண்டும்? இரண்டு கண்ணாடிகளையும் வைக்கோல் போருக்குள் புதைத்து வைத்தார். தினமும் போய்த் தடவிப் பார்த்தார். கொளஞ்சியப்பன் போன் செய்தபோது பெருமையாகச் சொன்னார்.

“பழுத்துக்கினு இருக்குதுடா. பொங்கலுக்குள்ள ரெடி.”

செவலை பொங்கல் வரை காத்திருக்கவில்லை. ஒருநாள் காலை, விடிந்தும் விடியாத பனியில் அது படுத்து எழுந்து தவித்தது. கன்றின் முன்னங்கால்கள் மட்டும் வெளியே வந்து நின்றுவிட்டன. மாடு முக்கியது, கன்று நகரவில்லை. அமிர்தம் மாட்டு டாக்டர் கண்ணகிக்குப் போன் போட்டாள். அவர் கச்சிராயபாளையத்தில் இருந்தார்.

“இந்தப் பனியில ஸ்கூட்டர்ல வந்தா நேரமாகும்மா. வண்டி இருந்தா அனுப்புங்க. நீங்களா புடிச்சி இழுத்துடாதீங்க.”

வண்டி இருந்தது. ஊரில் அந்த நேரத்தில் கிளம்பத் தயாராக இருந்த ஒரே வண்டி அதுதான். பொன்னுரங்கம் சாவியோடு ஓடினார், பின்னால் போய்ப் பார்த்தார், நின்றுவிட்டார். மூடியில்லாத பல்புகள் வெள்ளையாக எரிந்தன.

“பின்னாடி வெள்ளை எரிஞ்சா எதிர்ல வர்ற வண்டின்னு நெனச்சி வந்து ஏறுவான் அமிர்தம். இரு, பழுத்துதா பாக்கறேன்.”

வைக்கோல் போரைக் கலைத்தார். கண்ணாடிகள் கிடைத்தன. உடம்பெல்லாம் வைக்கோல் ஒட்டி, தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி இருந்தன. அவற்றைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்தால் மாட்டுக்கே இரக்கம் வந்திருக்கும்.

அமிர்தம் குளிக்கும் இடத்துக்குப் போனாள். தண்ணீர் மொள்ளுகிற சிவப்பு பிளாஸ்டிக் ஜக்கை எடுத்தாள். கண்ணாடி போல ஒளி ஊடுருவுகிற மெல்லிய ஜக்கு. அரிவாளை அடுப்பில் காட்டி அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்தாள். பக்கத்துக்கொரு பாதி. பல்புக்கு மேல் கவிழ்த்து, அவர் டப்பாவில் இருந்த டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினாள். இரண்டு பக்கமும் சிவப்பாக எரிந்தது.

“போங்க,” என்றாள்.

போனார். மீன்தொட்டி நீல பியட், பனிக்குள் முதல் தடவையாக ரோட்டில் ஏறியது. மாட்டையும், கொட்டகையையும், பழைய இரும்புக்குப் போகிற லாரியையும் நினைத்துக்கொண்டே ஓட்டினார். மாடு போய்விட்டால் அமிர்தம் இந்த வண்டியில் ஒருநாளும் ஏறமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். டாக்டரை ஏற்றிக்கொண்டு திரும்பினார். கண்ணாடியில் பார்த்தால் பின்னாலேயே ஏதோ ஒன்று பெரிதாக வந்துகொண்டிருந்தது. இவர் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. இவர் ஊருக்குள் திரும்பினார், அதுவும் திரும்பியது. சந்துக்குள் போனார், அதுவும் வந்தது. வாசலில் நிறுத்தி இறங்கினால், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று அவர் வாசலில், அமிர்தத்தின் கோலத்துக்கு மேல் வந்து நின்றது.

டிராக்டரிலிருந்து முண்டாசு கட்டிய ஓர் ஆள் இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“ஆலைக்குப் போற ரோடு எங்கங்க? ஒண்ணும் தெரியல. உங்க செகப்பு லைட்ட புடிச்சிக்கினே வந்துட்டேன்.”

அவர் பெயர் முனியன். வழி சொல்வதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை. டாக்டரம்மா உள்ளே ஓடிச் சோப்புத் தண்ணீர் கேட்டார். கையை விட்டுக் கன்றின் தலையைத் திருப்பினார். கால்களில் கயிற்றைப் போட்டு, “மாடு முக்கறப்ப மட்டும் இழுங்க” என்று முனியன் கையில் ஒரு நுனியும் பொன்னுரங்கம் கையில் ஒரு நுனியும் கொடுத்தார். கரும்புக் கட்டு தூக்கிப் பழகிய கை முனியனுக்கு. கன்று வழுக்கி வந்து வைக்கோல்மேல் விழுந்தது. பெண் கன்று, கிடேரி. கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்து, பிறகு தும்மியது. அமிர்தம் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது முனியன் வண்டியைச் சுற்றிவந்து பின்பக்கம் நின்றார்.

“நல்ல வெளிச்சங்க. எந்தக் கடையில வாங்குனீங்க?”

பொன்னுரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கடையிலயா? இதுக்குப் போயி கடைக்குப் போவாங்களா? வூட்லயே செஞ்சோம்.”

கன்றைத் துடைத்துக்கொண்டிருந்த அமிர்தம் அந்த ‘செஞ்சோம்’ காதில் விழுந்து தலையைத் தூக்கினாள். மறுபடி கன்றைத் துடைத்தாள். வண்டி ரோட்டில் ஓடிவிட்டது, கன்று பிறப்பதற்கு முன்பே ஓடிவிட்டது. சொன்ன சொல் சொல்தான். இப்போது கொட்டகையில் பாதி வண்டிக்கு, பாதி மாட்டுக்கு. கொளஞ்சியப்பன் எதற்கும் இருக்கட்டும் என்று மெட்ராசிலிருந்து அசல் கண்ணாடிகளை வாங்கிவந்து கொடுத்தான். பொன்னுரங்கம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அச்சு எடுப்பதற்கு அசல் இல்லையே என்றுதான் அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

கன்று பிறந்த அன்று சாயங்காலம் அமிர்தம் கேட்டாள்.

“குளிக்கத் தண்ணி மொள்ள ஜக்கு இல்ல. கச்சிராயபாளையம் போனா ஒண்ணு வாங்கியாங்க.”

பொன்னுரங்கம் ஜக்கின் பாதியை டார்ச் அடித்துக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பைத் தடவினார். கைப்பிடி ஒட்டிய இடத்தைத் தட்டிப் பார்த்தார்.

“இத்தயா? இத்தப் போயி யாராவது வாங்குவாங்களா அமிர்தம்?”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் என்று படித்த இடத்தில், ‘விளக்கெண்ணெய் தடவியிருந்தால் உறைந்திருக்காதே’ என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? குங்குமத்துக்குப் பதிலாக வேறு எதைக் கலக்கலாம் என்று கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தீர்களா இல்லையா? அப்படியென்றால், உங்கள் வீட்டுக் குக்கரை எங்கே ஒளித்து வைப்பது என்று இந்நேரம் யாரோ யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.