ஆமென் வராத ஞாயிறு

ஜெபத்தை யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். முடிக்கத்தான் தெரிந்திருக்க வேண்டும். இறையியல் படித்தவர்கள் யாரும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு சபையே எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருக்க, நானாகக் கற்றுக்கொண்டேன்.

பி.காம் முடித்த கையோடு, இறையியல் படித்துப் போதகராகப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். டவுன் பஸ் கண்டக்டரான அப்பா, டிக்கெட் எடுக்காதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "குரூப் எக்ஸாம் எழுதும்மான்னா, போதகராவுறேன்னு சொல்லிக்கினு இருக்குறியே" என்றார். (செவிலிமேட்டில் எங்கள் சபையிலிருந்து அதுவரை ஒரு பெண்ணும் அந்தப் படிப்புக்குப் போனதில்லை.)

அந்தப் படிப்பில் சேர சபையின் பரிந்துரை வேண்டும். அதற்குச் சில மாதங்கள் சபையை நடத்தும் போதகரான ஆயரோடு வீடு வீடாகப் போய் ஜெபிக்க வேண்டும். பிறகு ஒரு ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம். அதைக் கேட்க மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். அவர்கள் தலையசைத்தால் இறையியல். இல்லாவிட்டால் குரூப் எக்ஸாம்.

வீடு சந்திப்பது எனக்கு நன்றாகவே வந்தது. காபியை நீட்டியதும் மனசையும் திறந்துவிடுவார்கள். "உங்கிட்ட மட்டுந்தாம்மா சொல்றேன், ஜெபத்துல வச்சிக்கோ" என்பார்கள். நானும் ஒன்று விடாமல் வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறும் வந்தது. பிரசங்க மேடையில் ஏறினேன். வீட்டுக் கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் ஓடிய பிரசங்கத்தை, பயத்தில் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்துவிட்டேன். ஜனங்கள் இன்னும் வேதாகமத்தில் அந்த வசனத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆயர் கீழேயிருந்து, பட்டுக்கடையில் சேலையை விரித்துக் காட்டுவதுபோல் இரண்டு கைகளையும் அகலமாக இழுத்துக் காட்டினார். இழு, இன்னும் இழு என்கிறார்.

பிரசங்கத்தில் இழுக்க ஒன்றும் மிச்சமில்லை. ஜெபத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாமே. "ஜெபிப்போம்" என்றேன். சபை எழுந்து நின்றது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

நாட்டுக்காக ஜெபித்தேன். மழைக்காக, பாலாற்றுத் தண்ணீருக்காக, ஏனாத்தூரில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபித்தேன். ஒவ்வொன்றுக்கும் சபை "ஆமென்" என்றது. சரி, முடிக்கலாம் என்று பார்த்தால், முடிக்கிற வரி வரவில்லை. 'இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே' என்று ஞாயிறு பள்ளிக் குழந்தைகூடச் சொல்லுமே, அந்த வரி. சும்மா நின்றால் முன்வரிசை என்ன நினைக்கும்? பயத்தில், மனசில் கிடந்ததையெல்லாம் எடுத்துப் போட ஆரம்பித்தேன்.

"ஆண்டவரே, மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்க முடியாமல் தவிக்கும் எங்கள் மார்கரெட் அக்காவுக்குத் தனிக்குடித்தனம் போக வழி திறந்தருளும்."

ஒரே ஒரு ஆமென் வந்தது, கணீரென்று. மார்கரெட் அக்காவின் மாமியாருடைய குரல் அது.

"புகையிலையை விட்டுவிட்டேன் என்று இதே மேடையில் சாட்சி சொல்லியும், இன்னும் விட முடியாத பாடகர் குழு டேவிட் அண்ணனுக்கு இரங்கும்."

இதற்கு ஆமென் இல்லை. கீபோர்டு பக்கமிருந்து ஓர் இருமல் மட்டும் கேட்டது. சபை ஆழ்ந்த ஜெபத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (என் அறிவு அவ்வளவுதான்.)

"இந்தச் சபையோடு இனி மல்லுக்கட்ட முடியாது என்று மாற்றல் கேட்டிருக்கும் எங்கள் அன்பான ஆயருக்கு..."

"எஸ்தரு." கடைசி வரிசையிலிருந்து அப்பாவின் குரல், முன்படிக்கட்டு வரை கேட்கும் அந்த பஸ் குரல். "போதும்மா. ஆமென் சொல்லி எறங்கு."

சொன்னேன். இறங்கினேன்.

ஆராதனை முடிந்ததும், முன்வரிசையில் இருந்த இருவரில் வயதான அம்மா என்னைத் தனியே அழைத்தார். "உன்ன நம்பி ஜனங்க மனசத் திறக்குறாங்க. அது பெரிய வரம்மா. ஆனா மூடி வைக்கத் தெரியலன்னா ஆபத்து. அடுத்த வருஷம் வா" என்றார். அன்று அழுதேன். படிப்பு தள்ளிப்போனதைவிட, மார்கரெட் அக்கா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனதுதான் வலித்தது.

அந்த வருடம் முழுக்க அதே வீடுகளுக்கு மன்னிப்புக் கேட்டு நடந்தேன். "உள்ள வாம்மா. ஆனா நான் ஒண்ணும் சொல்றதா இல்ல" என்றார் டேவிட் அண்ணன். மார்கரெட் அக்காவுக்கு மாமியாரே வீடு பார்த்துக் கொடுத்தார். ஆயருக்கு மாற்றல் உடனே கிடைத்துவிட்டது. என் ஜெபத்துக்கு வெளிப்படையாகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

மறுவருடம் பரிந்துரை கிடைத்துப் படித்தேன். கேட்டதை வெளியே விடாதிருப்பது பற்றிய பாடத்தில் என்னை மிஞ்ச வகுப்பில் ஆளில்லை. இன்று வேறோர் ஊரில் நானே ஆயர். அங்கே சபையார் என்னை நம்புகிறார்கள், வீட்டில்தான் நம்புவதில்லை. தங்கை உண்டாகியிருக்கிற செய்தி பால்காரருக்குப் போன பிறகுதான் எனக்கு வந்தது.

போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி. அதையும் அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டு, பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"ஏம்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஜெபம் பண்ணுவ. வார்டு பூரா கேக்கும்."

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவரை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உதடுகூட அசையாமல் மனசுக்குள் ஜெபித்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இன்னாமா, சத்தமே காணோம்?"

அப்பா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சொல்கிறார்: "ஊரு கதைக்கெல்லாம் மைக்கு வச்சி ஜெபம் பண்ணா. பெத்த அப்பனுக்கு மட்டும் மியூட்டுல பண்றா."