விசிலக்கா விழுந்ததும் பலகை எழுந்ததும்

எங்கள் வாவிக்கரையில் ஆளோ, ஆடோ, கொக்கோ எதுவானாலும் ஒரே ஊதலில் நிறுத்தக்கூடிய பிறவி ஒருவர்தான் உண்டு. அவர் விசிலக்கா. பெற்றோர் வைத்த பெயர் வேறு இருக்கும். அதைக் கேட்கும் துணிவு எங்களில் எவருக்கும் வந்ததில்லை.

ஒரு காலத்தில் வலைப்பந்துக்கு நடுவராக இருந்தவராம். ஓய்வு பெற்றபோது விசிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விளையாட்டு முடிந்ததென்று அவரிடம் யாரும் சொல்லவுமில்லை. கண்டல் காட்டுக்குள்ளால் போகும் வனப் பாதுகாப்பு வலயப் பாதைதான் இப்போது அவருடைய மைதானம். சீனி வருத்தத்துக்கு வைத்தியர் நடக்கச் சொன்ன நாங்கள் விடியலில் அதில் நடப்போம். மீன்காரரும் வேலைக்குப் போகிறவர்களும் அதே பாதையால் சைக்கிளில் வருவார்கள். பாதையின் அகலமோ, ஒரு பாய் விரிக்கலாம்.

நாங்கள் நாலு பேர் பக்கம் பக்கமாய் நடந்தால் விசில் கூவும்.

"என்னகா, கல்யாண ஊர்வலமா? மாப்பிள்ளை எங்க?"

சைக்கிள்காரர் மணியடித்தாலும் கூவும்.

"மணியடிச்சா நான் பறக்கிறதா? இறங்கி உருட்டு மனே!"

ஒரு நாள் இரண்டு பக்கமும் சனத்தை மறித்து வைத்து ஒரு நண்டைக் கடக்க விட்டார். நண்டு நட்டநடுவில் நின்று யோசித்தது.

"அது இந்த இடத்து ஆள். நாமதான் வந்து போற சனம். யோசிக்கட்டும்" என்றார். வேலைக்குப் பிந்தியவர்கள் பல்லைக் கடித்தார்கள்.

அந்த நண்டுப் பாசந்தான் அவரை விழுத்தியது. மழை விட்ட ஒரு காலை, வளைவில் இன்னொரு நண்டுக்காகத் திடீரென்று நின்றார். பின்னால் வந்த மீன்கார நானா பிரேக்கைப் பிடித்தார். பிரேக் சைக்கிளைப் பிடிக்கவில்லை. விசிலக்கா ஒரு பக்கம், மீன்பெட்டி மறுபக்கம். சேற்றில் கிடந்தபடியே விசிலை ஊதி, "ஃபவுல்!" என்றார்.

கால் சுளுக்கு. அவர் கட்டிலில் கிடக்க, எங்கள் நடைக் கோஷ்டியின் தலைவி வலய அலுவலகத்துக்குப் போய், வயதான பெண்ணைச் சைக்கிள் மோதிவிட்டதென்று முறையிட்டார். 'துவிச்சக்கரவண்டிகள் உட்பிரவேசிக்கத் தடை' என்று ஒரு பலகை எழுந்தது. நானாவுக்கு மிஞ்சியது மண் ஏற்றும் டிப்பர் லொறிகள் பறக்கும் பெரிய தெரு. அதே தெருவில் டிப்பர் அடித்த அவருடைய மச்சான் இன்றுவரை எழுந்து நடக்கவில்லை.

"நான் என்னத்தச் சொல்ற? அக்காவ விழுத்தினவன்தானே" என்று மனிதர் தலை குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை நானாவின் சைக்கிள் பலகையடிக்கு வந்தது. நானா தள்ளிக்கொண்டு வர, மீன்பெட்டி இருக்கவேண்டிய கரியரில், கட்டுப்போட்ட காலை நீட்டியபடி விசிலக்கா!

காவலுக்கு நின்ற உத்தியோகத்தர் மறித்தார். "அம்மா, சைக்கிள் உள்ள விடேலா."

"நான் நடக்கிற ஆள். நடக்கிற ஆளுக்குத் தடையா?"

"இல்ல. ஆனா நீங்க சைக்கிள்ல இரிக்கிறீங்களே."

"கால் ஏலாது. உங்கட பலகைக்கு என்னில அவ்வளவு இரக்கமெண்டா, அது என்னத் தூக்கிக்கொண்டு போகட்டும்."

தலைவி முன்னுக்கு வந்தார். "அக்கா, உங்களுக்காகத்தானே நாங்க முறைப்பாடு வெச்ச?"

"விழுந்தது நான். கால் என்ட. கோவமும் என்ட. என்னட்ட ஒரு சொல்லுக் கேக்காம அத ஏன்கா எடுத்துக்கொண்டு போனீங்க? இந்த மனிசனத் திட்டுறதெண்டா நான் திட்டுவன். டிப்பருக்குள்ள தள்ள உங்களுக்கு ஆர் சொன்ன?"

தலைவி தன் சப்பாத்தைப் பார்த்தார். நாங்கள் எங்களுடையதைப் பார்த்தோம்.

"மேலிடத்து உத்தரவு அம்மா" என்றார் உத்தியோகத்தர்.

"அப்ப மேலிடம் இறங்கி வரட்டும். நான் இதிலதான் இரிப்பன்."

இருந்தார். தினமும் காலையில் பலகைக்குக் கீழே கதிரை போட்டு இருந்தார். வந்த சைக்கிள்களையெல்லாம் இறக்கி உருட்ட வைத்து உள்ளே அனுப்பினார். உத்தியோகத்தர் வாவியில் கொக்கு எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் மேலிடம் வந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டு போனது. புதிய பலகையில் 'மெதுவாகச் செல்லவும், நடப்போருக்கு வழிவிடவும்' என்று எழுதினார்கள். எழுத்து வடிவாயில்லை என்று அதற்கும் விசிலக்கா ஏசினார்.

கால் ஆறிவிட்டது, பழைய வேகம் மட்டும் திரும்பவில்லை. இப்போது அவர் மெல்ல மெல்லத்தான் நடக்கிறார். பின்னால் நாங்கள், எங்களுக்கும் பின்னால் சைக்கிளை உருட்டியபடி நானா. கொஞ்சம் ஒதுங்கினால் அவரை முந்திப் போய்விடலாம்.

யாரும் போவதில்லை.