கிளறன்ஸ் சைலன்சரைக் கழட்டிய கதை

பாஸ்குத் திருநாள் வரையுள்ள தபசு காலம் முழுக்கச் சாராயம் தொடமாட்டேன் என்று கிளறன்ஸ் விபூதிப் புதனன்று சுவாமியாரிடம் வாக்குக் கொடுத்தான். அந்த வாக்குக்கு ஆயுசு வெள்ளிக்கிழமை வரைதான்.

காட்டிக் கொடுத்தது அவன் வாடகைக்கு ஓட்டும் ஹயர் கார். சைலன்சரில் ஓட்டை. ஹந்தானை இறக்கத்தில் கார் இருமினாலே வீட்டில் மனைவி றீற்றாவுக்குக் கேட்கும். சாராயத் தவறணை வாசலில் சத்தம் நின்றால், எவ்வளவு நேரம் நின்றது என்பதையும் சொல்லிவிடுவாள். கண்டியில் வேறெந்தப் பெண்சாதிக்கும் இப்படி ஒரு வசதி இல்லை.

அவனைக் குறை சொல்லியும் பயனில்லை. போன வருஷக் காய்ச்சலில் ஒரே மகள் ஐரின் போய்விட்டாள். பக்கத்தில் படுத்திருந்த தாய் தகப்பன் இருவருக்கும் விடிந்த பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து வீட்டுக்கு நேரத்தோடு போக அவனுக்குக் கால் வரவில்லை.

ஓட்டையை அடைக்க சைலன்சரைக் கழட்ட வேண்டும். அது துருவேறி இறுகிக் கிடந்தது. சுத்தியல் பட்டால் அப்பளம்தான், புதுசு சீமையிலிருந்து வரவேண்டும் என்று கார் திருத்தும் கராஜ் பாஸ் கையை விரித்தார். கிளறன்ஸ் தானே ஒரு கிடுக்கி செய்யத் துணிந்தான். சத்தத்துக்கு ஹயருக்கு ஏறுகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று வீட்டில் காரணம் சொல்லி வைத்தான்.

றீற்றா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்போதே அவன் சுதாரித்திருக்க வேண்டும். பழைய பலாமரக் கட்டிலின் கால் ஒன்றை அவளே எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை இரண்டாகப் பிளந்து, குழித்து, உள்ளே சப்பாத்துத் தோல் வைத்து, போல்ட் போட்டு இறுக்கினான். மூன்று நாள் மழைச் சேற்றில் காருக்கடியில் கிடந்தான். அவள் குழாய் மூட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றியபடி, "மெல்லத் திருப்புங்க, நசுங்கிறப் போவுது" என்றாள்.

நாலாம் நாள் சைலன்சர் கீறலில்லாமல் கழன்றது. கை கழுவிவிட்டு வந்தால் அதைக் காணோம். றீற்றா அலுமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒட்டுப்போடக் கொண்டு போகணும், குடு."

"பாஸ்கு முடிஞ்சதும் தாறேன். நானும் எத்தனையோ தடவை கழட்டிப் பாத்தேங்க, என் கைக்கு வரல."

"இது இல்லாம ஓட்டினா ஊருக்கே கேக்குமே."

"கேக்கட்டும். பிள்ளை சத்தமில்லாமப் போயிட்டா. நீங்களும் அப்படிப் போக நான் விடமாட்டேன்."

அவன் சைலன்சர் இல்லாமலே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அன்று மாலை அவன் தவறணையை நெருங்கும்போதே, கடைக்காரன் வெளியே ஓடிவந்து, "நிப்பாட்டாமப் போயிருங்கண்ணே, அக்காவுக்குக் கேட்டிருக்கும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.