விறகைக் குளிப்பாட்டிய ஊர்

குலசேகரத்தை ஒட்டி ஓர் ஊர். பெயர் வேண்டாம். சொன்னால் நாளைக்கு நான் அந்த வழியாகப் பேருந்தில்கூடப் போக முடியாது. அந்த ஊர்ச் சந்தை மைதானத்தில் ஒன்பது நாளாகக் கூட்டம். வேன் பிடித்து வந்த கூட்டம், பிள்ளையை இடுப்பில் தூக்கி வந்த கூட்டம், துபாயிலிருந்து லீவில் வந்தவர்கள் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த கூட்டம். அமைச்சர் வருகிறாரா? இல்லை. நடிகை? அதுவும் இல்லை. ஓர் அடுப்பு வந்திருக்கிறது.

வெறும் அடுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். புகை தின்னும் அடுப்பு. பந்தல் வாசல் பேனரில் அப்படித்தான் போட்டிருந்தது. அதற்குக் கீழே, "புகையடக்கியார் எட்சன் ஐயா நேரில் அருள்கிறார். எல்லா மதத்தாருக்கும் தனித்தனி நேரம்" என்றும் போட்டிருந்தது.

இந்த எட்சன் மூன்று வருடத்துக்கு முன்பு இன்வெர்ட்டர் பேட்டரி விற்றார். ஓடவில்லை. பிறகு முடி வளரும் எண்ணெய் விற்றார். அவர் தலையிலேயே முடி இல்லாதது வியாபாரத்துக்குக் கொஞ்சம் இடைஞ்சலாக இருந்தது. இப்போது உடம்பில் நீள அங்கி, கழுத்தில் ஒரு சிலுவை, ஓர் உருத்திராட்சம், ஒரு பிறை. எந்தக் கடவுளும் கோபித்துக்கொள்ளக் கூடாது பாருங்கள்.

இத்தனைக்கும் காரணம் பேரூராட்சி கடை கடையாகக் கொடுத்த ஒரு நோட்டீஸ். ஊர் நடுவில் ஆஸ்பத்திரி. அதில் மூச்சுத்திணறல் நோயாளிகளுக்கு ஒரு வார்டு. எனவே ஆஸ்பத்திரித் தெருவில் இனி விறகடுப்புப் புகை வரக் கூடாது, அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை ஆய்வு நடக்கும், புகைகிற கடை பூட்டப்படும். நோட்டீஸ் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் "பூட்டப்படும்" என்ற சொல்லைப் படித்ததுமே ஊருக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இரண்டாம் பக்கத்தை ஒருவரும் புரட்டவில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இது ரப்பர் ஊர். ரப்பர் ஷீட்டைப் புகைப்புரை என்னும் கொட்டகையில் தொங்கவிட்டுப் புகை போட்டு உலர்த்தியே தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட ஊர். புகை எப்படி வருகிறது என்று ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரர் முதல் லோடுமேன் வரை அத்தனை பேருக்கும் தெரியும். அந்த ஊர்தான், புகையை நிறுத்துவது எப்படி என்று கேட்க பேட்டரி விற்றவரிடம் போய் வரிசையில் நின்றது.

எட்சன் மேடையில் ஒரு தகர அடுப்பை வைத்தார். அடுப்பின் முன்னால் ஒரு தட்டில் கறுப்பு மண்ணைக் குவித்தார்.

"இது மணவாளக்குறிச்சிக் கடப்பொறத்தில, வெளுத்தவாவு பௌர்ணமி அன்னைக்கு அள்ளின கறுத்த மண்ணாக்கும். இதில ஒரு கதிர் உண்டு. புகை மேல போவும்போ கதிர் கீழ பிடிச்சு இழுக்கும். புகை மண்ணுக்குள்ள அடங்கிரும்."

முன்வரிசையில் இருந்த ராஜையன், "கரெக்ட்!" என்றார். அவர் டுடோரியலில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவர். அவரே கரெக்ட் என்ற பிறகு மற்றவர்களுக்கு என்ன?

எட்சன் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, சிவப்புப் பட்டில் சுற்றிய விறகை எடுத்தார். கண்ணை மூடினார். உதட்டை அசைத்தார். பற்றவைத்தார். தீ சுடர்விட்டு எரிந்தது. புகை இல்லை. கூட்டம் கைதட்டியது. இரண்டு பேருக்குச் சாமி வந்தது. அடுப்பு வாங்க வரிசை மைதானத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போனது.

வாங்கியவர்களுக்கு மூன்று விதி. ஒன்று, கறுப்பு மண்ணை அடுப்பின் அடியில் உள்ள துவாரத்தில் திணித்து வைக்க வேண்டும். இரண்டு, தினமும் காலையில் விறகைத் தீர்த்தத்தில் குளிப்பாட்ட வேண்டும். மூன்றாவது விதிதான் விதிகளின் ராஜா.

"விசுவாசம் உள்ளவன் கண்ணுக்குப் புகை தெரியாது. சந்தேகப்படுகவன் கண்ணுக்கு மட்டும் தெரியும்."

அன்றிலிருந்து ஆஸ்பத்திரித் தெருவில் புகை ஒழிந்தது. அதாவது புகை இருந்தது, பார்த்தவர்தான் இல்லை. மளிகைக்கடை சுயம்புராஜ் தன் கடை என்று நினைத்துப் பக்கத்து மருந்துக்கடைக்குள் போய் உட்கார்ந்து, அரை மணி நேரம் துவரம்பருப்பு தேடினார். பால்வண்டிக்காரர் காலை பத்து மணிக்கு ஹெட்லைட் போட்டு வந்தார். ஏன் என்று கேட்டால், "சும்மா, லைட்டு எரியுதான்னு பாக்கேன்" என்றார். தெருவே கண்ணீர் வடித்தது. கேட்டால் ஆனந்தக் கண்ணீர். கோழிகளுக்கு மட்டும் விசுவாசம் போதவில்லை. அவை அடுத்த தெருவுக்குக் குடிபோய்விட்டன.

சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்த வார்டு ஜன்னல்களைப் பகலிலேயே இழுத்து மூடிவிட்டார்கள். உள்ளே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் விசுவாசமா சந்தேகமா என்று யாரும் விசாரிக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இப்போது நேசபாயிடம் வருவோம். ராஜையனின் மனைவி. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே சாயாக்கடை. சாயா, அவித்த மரச்சீனிக்கிழங்கு, மீன்கறி, நோயாளிகளுக்குத் துணை இருப்பவர்களுக்குக் கஞ்சி. டுடோரியல் வாத்தியாருக்குப் பென்ஷன் கிடையாது. வீட்டில் சோறு பொங்குவதும், மகள் ரெனிஷா பெங்களூரில் நர்சிங் படிப்பதும் இந்த அடுப்பால்தான். கஞ்சி அண்டா, கிழங்கு அண்டா இரண்டையும் கேஸில் ஏற்றினால் சாயா விலையைக் கேட்டே நோயாளி மறுபடி படுத்துவிடுவார். வெள்ளிக்கிழமை ஆய்வில் கடை பூட்டப்பட்டால் எல்லாம் போச்சு. அதனால் கணவரின் "கரெக்ட்"டை நம்பி அவரும் ஓர் எட்சன் அடுப்பு வாங்கியிருந்தார்.

நேசபாய்க்கு ஒரு ரகசியம் இருந்தது. அவருக்குப் புகை தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. ஊரில் தனக்கு மட்டும்தான் தெரிகிறது, தான்தான் பெரிய பாவி என்று நினைத்து, வெளியே சொல்லாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டு இருமினார். புதன்கிழமை பொறுக்க முடியாமல் எட்சனிடம் போய் அழுதார்.

எட்சன் விரல் விட்டு எண்ணினார். "புகை கிழக்க போனா அது அயல்வீட்டுக்காரனுக்க பொறாமைப் புகை. மேற்க போனா மூதாதைப் புகை. ஒங்களுக்கு எங்க போவுது?"

"எல்லாப் பக்கமும் போவுது ஐயா."

"அப்போ பிள்ளைக்க சந்தேகப் புகையாக்கும். ஒங்க மோளு வெளியூர்ல படிக்குதாளா?"

பெங்களூரில் ஒரு பெண் சந்தேகப்பட்டால் குலசேகரத்துப் பக்கம் அடுப்பு புகையுமாம். நேசபாய் வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டு, "ஏட்டி, ஒழுங்கா நம்பு!" என்று திட்டினார். எதை நம்பச் சொல்கிறாள் அம்மா என்று அந்தப் பிள்ளைக்குப் புரியவே இல்லை. பரிகாரமாக இன்னொரு பொட்டலம் மண்ணைத் திணித்தார். விறகை இரண்டு வேளை குளிப்பாட்டினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ரெஜிலா சாயா குடிக்க வந்தாள். ஊருக்கு வெளியே உள்ள புகைப்புரையில் பதினெட்டு வருடமாகத் தீ பார்ப்பவள். இரண்டு வாரம் மகனின் காய்ச்சலோடு அலைந்ததில் இந்த மைதானத்துப் புதுமை அவளுக்குத் தெரியாது.

"அக்கா, எங்க இருக்கிய? ஆளையே காணல்லியே."

"இஞ்ச தான் நிக்கேன் மக்கா. நல்லாத் தெரியுமே. புகை ஒண்ணும் இல்லல்லா."

"எனக்கு எனக்க கையே தெரியல்ல."

நேசபாய் உடைந்து அழுதுவிட்டார். "ஒனக்கும் புகை தெரியுதா பிள்ளே? எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்."

ரெஜிலா தடவித் தடவி அடுக்களைக்குள் போனாள். பெரிய வாளியில் விறகு முங்கிக் கிடந்தது. எல்லாம் நேற்று அறுத்த ரப்பர் விறகு. தோலில் பால்கூட வற்றவில்லை.

"இது என்னவாக்கும்?"

"வெறகு. தீர்த்தத்தில குளிப்பாட்டி வச்சிருக்கேன்."

"சோப்பு போட்டியளா?"

கடையில் உட்கார்ந்திருந்த ராஜையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெஜிலா, இதில ஒரு கதிர் தத்துவம் இருக்கு. ஒனக்கு வெளங்காது."

"வெளங்காது அண்ணே. எனக்குப் புகை போட மட்டுந்தான் தெரியும், அதுக்குத்தான் சம்பளம் தருகானுவ. ஷீட்டுக்குப் புகை நெறைய வேணும்னா பச்ச வெறகு வைப்பேன், தண்ணி தெளிப்பேன், காத்து போற வழிய அடைப்பேன். இந்த மூணையும் நீங்க ஒண்ணு விடாம செய்யுதிய. இந்தக் கடையில நாலு ஷீட்டு தொங்கப்போட்டா நாளைக்கு நல்ல கிரேடு கெடைக்கும்."

ராஜையன் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. ஆனாலும் விறகை மாற்ற மட்டும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குச் சுகாதார ஆய்வாளர் யூஜின் ஜீப்பில் வந்து இறங்கினார். அதற்கு முன்பே எட்சன் ஐம்பது பக்தர்களோடு வந்து, கடை வாசலில் தன் அடுப்பை வைத்து, பிஸ்கட் டின் விறகில் தீ மூட்டிவிட்டார். "பாருங்கோ சாரே, புகை உண்டா?" என்றார். இல்லைதான். யூஜின் தலையைச் சொறிந்தார்.

ரெஜிலா முன்னால் வந்தாள். "சாரே, பத்து நிமிசம் தாங்க. இவருக்க வெறகுல ரெண்டு கம்பு எனக்கு வேணும். அக்காக்க வெறகுல ரெண்டு கம்ப இவருக்க அடுப்பில வைக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அன்னியர் தொட்டா விறகுக்கு அருள் போயிரும்!" என்று எட்சன் டின்னைக் கட்டிப்பிடித்தார்.

"அப்ப நான் தொடல்ல. சார் எடுத்துத் தரட்டு."

அதிகாரி கையை நீட்டினால் அருள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ரெஜிலா ரோட்டோரம் மூன்று கல்லைக் கூட்டி வைத்தாள். மண் இல்லை, மந்திரம் இல்லை. சிவப்புப் பட்டைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எலும்புபோல் காய்ந்திருந்த இரண்டு கம்பும் சுடர்விட்டு எரிந்தன. புகை இல்லை.

"கதிர் எங்க அண்ணே?" என்று ராஜையனைக் கேட்டாள். இயற்பியல் வாத்தியார் குனிந்து கல்லுக்கு அடியில் தேடினார்.

அடுத்து நேசபாயின் குளித்த விறகை எட்சனின் அடுப்பில் யூஜினே செருகினார். முதலில் ஒரு சீறல். அப்புறம் வந்தது பாருங்கள் புகை! அடுப்பு மறைந்தது. மண் தட்டு மறைந்தது. எட்சன் இடுப்பு வரை மறைந்தார். கதிர் எதையும் பிடித்து இழுப்பதாகத் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல்ல" என்றார் சுயம்புராஜ், இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு.

"ஐயா, புகை தெரியுதா?" என்று ரெஜிலா எட்சனைக் கேட்டாள்.

"இல்ல." ஓர் இருமல்.

"அப்போ கொஞ்சம் கிட்ட வந்து நில்லும். இப்போ?"

"இல்..." மூன்று இருமல்.

"ஒருக்கா குனிஞ்சு ஊதும் ஐயா, தீ மங்குது."

குனிந்தார். ஊதினார். உள்ளே இழுத்தார். அவ்வளவுதான். "அணைங்க! அணைங்க! புகை கண்ணக் குத்துது! மூச்சு முட்டுதே!" என்று அலறிக்கொண்டு துள்ளினார்.

சுயம்புராஜ் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஐயா, ஒமக்குமா விசுவாசம் இல்ல?"

அந்த ஒரு கேள்வியில் ஊருக்கே பார்வை திரும்பிவிட்டது. "எனக்கு மொத நாளே தெரியும்" என்றார் பால்வண்டிக்காரர். "நான் அப்பவே சொன்னம்லா" என்றார் யாரிடமும் எதுவும் சொல்லாத ஒருவர். எட்சன் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். தான் இல்லை என்று சாதித்த புகைக்குள்ளேயே ஓடி, யூஜினின் ஜீப்பில் போய் மோதி விழுந்தார். ஜீப்பிலேயே ஏற்றிக் காவல் நிலையத்துக்கு அனுப்பினார்கள். நல்ல வசதி.

ரெஜிலா நேசபாயின் அடுப்பைக் கவிழ்த்து, துவாரத்தில் திணித்திருந்த மண்ணைக் கம்பியால் குத்தித் தள்ளினாள். புகைப்புரைச் சுவரோரம் மாதக்கணக்கில் உணங்கிக் காய்ந்த விறகில் ஒரு கட்டு கொண்டுவந்து, சின்னதாகப் பிளந்து வைத்தாள். புகையே வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பற்றவைக்கும்போது கொஞ்சம் வந்தது. பிறகு தீ நீலமும் மஞ்சளுமாக நின்று எரிந்தது. யூஜின் கால் மணி நேரம் வாசலில் நின்று கூரையைப் பார்த்தார். பிறகு நோட்டீஸின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டி நேசபாயிடம் காட்டினார். காய்ந்த விறகு, சிறு துண்டுகள், அடியில் காற்று புகும் வழி, மேலே புகைக்கூண்டு. நாலே வரி.

"இது இங்கயேவா இருந்தது?" என்றார் நேசபாய். கூண்டு வைக்க ஒரு மாதம் தவணை கொடுத்து, கடை திறந்திருக்கலாம் என்று யூஜின் எழுதினார். நேசபாய் அந்த மனிதருக்கு இரண்டு சாயா கொடுத்தார். இரண்டையும் குடிக்க வைத்தார்.

இத்தோடு ஊர் திருந்திவிட்டது என்று முடிக்க எனக்கும் ஆசைதான்.

மறுநாள் காலை ரெஜிலா வேலைக்குப் போனபோது புகைப்புரை வாசலில் நீண்ட வரிசை. ஒவ்வொருவர் தலையிலும் ஒரு கட்டு பச்சை விறகு. முதல் ஆளாக ராஜையன் நின்றார்.

"மக்கா, இதில ஒருக்கா கை வச்சுத் தா. ஒனக்க கை ராசியாக்கும்."

"எனக்க கையில ஒண்ணும் இல்ல அண்ணே. கொண்டு போயி வெயில்ல போடுங்க."

வரிசையில் ஒரு சலசலப்பு. பின்னாலிருந்து சுயம்புராஜ் எட்டிப் பார்த்தார். "எந்தக் கிழமை வெயில் விசேசம் பிள்ளே?"

ரெஜிலா கையில் இருந்த சோற்றுப்பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கத்தப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் கத்தவில்லை.

"ஏழு கிழமையும் ஒரே வெயிலாக்கும். யாரு தொட்டாலும் பச்ச வெறகு புகையும். யாருமே தொடாட்டாலும் உணங்கின வெறகு எரியும். நான் சொல்லுகேன்னு என்னையும் நம்பாண்டாம். வீட்டுல போயி ஒரு பச்சக் கம்பையும் ஒரு உணங்கின கம்பையும் பக்கத்துல பக்கத்துல கொளுத்தி வச்சுப் பாரும். பாக்கதுக்கு என்னத்துக்கு ஓய் இன்னொருத்தன்? கண்ணு ரெண்டும் ஒமக்க கண்ணு தானே?"