ஒரு பென்னி அவமானம்

மனித மானத்தின் மீது விழுந்த மாபெரும் அடி எது என்று கேட்டால், எங்கள் பிரிஸ்டல் நகரத்து வணிகர்கள் யோசிக்காமல் சொல்வார்கள்: 1840 மே மாதம் வந்த, ராணியின் தலை அச்சிட்ட ஒரு பென்னிக் கறுப்புத் தபால் தலை. அதற்கு முன்பெல்லாம் எழுதுபவர் எழுதுவார், பெறுபவர் கூலி கட்டுவார். எழுதுபவரே கட்டி அனுப்பினால், "உனக்கு வக்கில்லை" என்று வாசலில் வந்து சொன்னதற்குச் சமம்.

கம்பளித் துணி வியாபாரி ஒபதயா திரிப் எங்களுள் பெரிய "மானஸ்தர்". எக்ஸிடரிலிருந்து சைலஸ் என்ற குமாஸ்தா அவர் மகள் கெசியாவுக்கு எழுதிய கடிதங்களையெல்லாம், "எட்டுப் பென்னியா? எடுத்துட்டுப் போய்யா" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவந்தார்.

ஒருநாள் ராணியின் தலை ஒட்டிய கடிதம் வந்தது.

"எவ்வளவுய்யா?"

"ஒண்ணும் வேணாம் முதலாளி. அனுப்பினவரே கட்டிட்டாரு" என்றார் தபால்காரர்.

"என்னைப் பிச்சைக்காரன்னு நினைச்சானா? இரு, நானே கட்டறேன்."

கை சட்டைப்பைக்குள் போனது. தபால்காரர் தெரு திரும்பும்வரை வெளியே வரவில்லை.

அதற்குள் கெசியா கடிதத்தை அப்பா காதில் விழ உரக்கப் படித்துவிட்டாள். அவளை மணக்க விரும்புகிறானாம்; மாதக் கடைசிக்குள் அப்பாவிடமிருந்து மறுப்பு வராவிட்டால், சம்மதம் என்று கொண்டு மோதிரத்தோடு வருவானாம்.

அன்று மாலை என் பாலாடைக்கட்டிக் கடையில் வணிகர்களின் "அவசர மானக் கூட்டம்" கூடியது. செயலாளர், அடியேன். தபால் தலை ஒட்டுவது இழிசெயல் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். திரிப் அங்கேயே "முடியாது" என்று பதில் எழுதினார்.

"தலை ஒட்டலேன்னா அவன் ரெண்டு பென்னி கட்டணும், ஓய்" என்றேன்.

"வாங்காம விட்டுட்டான்னா? இந்த ஒரு தடவை ஒட்டித் தொலைக்கவா?"

சாப்பிடக் கூப்பிட வந்திருந்த கெசியா குறுக்கிட்டாள். "வேணாம்பா. அவரை வக்கில்லாதவர்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும். நம்ம குடும்பம் அப்படிச் செய்யலாமா?"

"கேட்டீரா? என் ரத்தம்" என்று பூரித்தார் திரிப். ஒரு பென்னி மிச்சமானதில் முகம் இன்னும் மலர்ந்தது.

மாதக் கடைசியில் சைலஸ் மோதிரத்தோடு வந்து நின்றான்.

"என் பதில் வரலையா?"

"வந்தது. ரெண்டு பென்னி கேட்டாங்க. எடுத்துட்டுப் போங்கன்னுட்டேன்."

"எங்கேருந்து வந்ததுன்னு பாத்தியா?"

"பாத்தேன் மாமா. பிரிஸ்டல்னு போட்டிருந்தது. அதுக்காகக் காசு கொடுக்க முடியுமா?"

திரிப் முதல்முறையாக அவனை நன்றாகப் பார்த்தார். கண்கள் பனித்தன.

"கெசியா, மாப்பிள்ளைக்கு நாற்காலி போடும்மா."

கல்யாண அழைப்பை எங்கள் கௌரவம் கருதி, கூட்டத் தீர்மானப்படி, ஒவ்வொருவருக்கும் தலை ஒட்டாமலே தபாலில் அனுப்பினார். மானமுள்ள வணிகர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அதைத் திருப்பி அனுப்பினோம். விருந்துக்கு எத்தனை பேருக்குச் சமைப்பது என்று சமையற்காரி கேட்டபோது, அழைப்பு போன மறுநாளே திரிப் சொன்னாராம்: "நாலு பேருக்குப் போதும். எங்க ஆளுங்களை எனக்குத் தெரியும்."