வெயில் தின்ற முகம்

"பெரியவரே, மாப்பிள்ளை எங்க?" என்று பெண் வீட்டார் கேட்டதும் சம்பங்கி எழுந்து உள்ளே போய்விட்டான். மாப்பிள்ளையே அவன்தான்.

அது போன மாதம். வந்தவர்கள் வெற்றிலையைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள்.

சம்பங்கிக்கு வயது இருபத்தாறு. ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் மேல் வேலை. கீழிருந்து வரும் கல்லைத் திறந்தவெளியில் உட்கார்ந்து உடைக்க வேண்டும். வெயில் அவன் நெற்றியில் கோடு கிழித்து, கன்னத்தைச் சுருக்கிவிட்டிருந்தது. அண்ணன் தசரதன் பத்து வயது மூத்தவன். அவனுக்குப் பூமிக்கடியில், ஷாஃப்டுக்குள்ளே வேலை. பகலையே பார்க்காத முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. இருவரும் சேர்ந்து போனால் ஊர் தசரதனைத்தான் தம்பி என்றது. தசரதனும் மறுத்ததில்லை.

இந்த ஞாயிறு வரப்போகிறவர் ரத்தினம்மாவின் மாமன். தகப்பன் இல்லாத அந்தப் பெண், கல்லுடைக்கிற இடத்துக்கு மோர் விற்க வருவாள். அவள் தலை தெரிந்தாலே சம்பங்கி முகத்தைத் திருப்பிக்கொள்வான். கை மட்டும் சொம்பை நீட்டும். கட்டினால் அவளைத்தான் என்று மனசுக்குள் முடிவுசெய்திருந்தான். பாவம், யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அந்த வீட்டிலிருந்தே சம்பந்தம் பேச வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"அவ என் மூஞ்சிய சரியா பாக்கல அண்ணி. அதான் கேக்கறாங்க," என்றான்.

அண்ணி வெங்கடம்மா பயத்தமாவைத் தயிரில் குழைத்துப் பூசினாள். "கழுவாத. அப்படியே வேலைக்குப் போ. ஊறணும்."

சுரங்கத்து ஈ அத்தனையும் அவன் முகத்துக்கு வந்து சேர்ந்தது. அடித்து விரட்டப் போய்க் கன்னம் இரண்டும் வீங்கின.

"வெயில் படாம மூடிக்கடா," என்றான் தசரதன்.

கண் மட்டும் தெரிய ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு கல் உடைத்தான். சனிக்கிழமைக்குள் வீக்கம் வடிந்து, கன்னம் கொஞ்சம் வெளுத்தது. கண்ணைச் சுற்றி மட்டும் பழைய கறுப்பு.

"இன்னாடா இது, கண்ணுக்குக் கோவணம் கட்டினாப்புல கீது!" என்றாள் வெங்கடம்மா.

"வெயிலே வேணாம். என்னோட கீழ வந்துரு," என்றான் தசரதன். "ஒரே வருசத்துல என்னாட்டம் ஆயிடுவ."

ஆளைக் கீழே இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஏறி இருட்டுக்குள் இறங்குவதென்றாலே சம்பங்கிக்குப் பயம். ஆனாலும் ரத்தினம்மாவை நினைத்துத் தலையாட்டினான். தசரதன் உடனே மேஸ்திரி பர்னபாஸைப் பார்த்து, திங்கட்கிழமை ஷிஃப்டுக்குத் தம்பியின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான்.

ஞாயிறு காலை மாமன் தாமோதரன் பங்காருபேட்டையிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். பளபளவென்றிருந்த தசரதனைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "மாப்ள இவரா?"

"ஐயோ, இவரு என் வூட்டுக்காரரு! மாப்ள பின்னால கீறாரு," என்று வெங்கடம்மா கொழுந்தனை முன்னால் தள்ளினாள்.

மாமன் சம்பங்கியின் நெற்றிக் கோடுகளை உற்றுப் பார்த்தார். மெல்ல வெற்றிலையைக் கையில் எடுத்தார்.

தசரதனுக்கு அந்தப் பார்வை தாங்கவில்லை. "மூஞ்சிய பாத்து யோசிக்காதீங்க! நாளையிலேருந்து தம்பிக்குக் கீழ வேலை. வெயிலே படாது!"

வெற்றிலை தட்டுக்குத் திரும்பியது. மாமன் எழுந்து வாசலுக்கு நடந்தார்.

சம்பங்கி ஓடிப்போய் மறித்தான். "மூஞ்சிதானே மாமா? மாத்திக்கறேன். அவளுக்காக எத்தன ஆழம் வேணா இறங்கறேன்."

"இறங்காதப்பா! அவ அப்பன் கீழ போயித்தான் திரும்பி வரல. வெயில்ல கருகின இந்த மூஞ்சிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு என்னை அனுப்பினவளே அவதான்."