அடுத்த வளைவில் பனி இருந்தது

படப்பை,
ஞாயிறு மதியம்

அன்பு மருமகள் சத்யப்பிரியாவுக்கு ராஜம்மா அத்தை எழுதிக்கொள்வது. கர்த்தர் தயவில் நான் சுகம், முழங்கால் மட்டும் சுகமில்லை. நீ சுகம் என்பதை உன் அறைத்தோழி இசக்கிசெல்வியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். இமயமலையிலிருந்து திரும்பியதிலிருந்து நீ ஞாயிறு சாப்பாட்டுக்கு இங்கே வருவதில்லை. பென்னலூர் ஹாஸ்டல் சாம்பார் என் மீன்குழம்பைவிட மேல் என்று நினைக்கும் அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று யோசித்தேன். நிறையவே செய்திருக்கிறேன்.

நீங்கள் இருவரும் வேலை செய்யும் கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை லைனை நிறுத்தி மெஷின்களைப் பழுதுபார்க்கும்போதுதான் உங்களுக்குச் சேர்ந்தாற்போல் லீவு. அதில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ரிஷிகேஷில் யோகா, அப்புறம் மலைக்குப் போய்ப் பனி என்று நீங்கள் திட்டம் போட்டீர்கள். என் தம்பி, அதாவது உன் அப்பா யாக்கோபு, "அக்கா கூட வந்தாதான் அனுப்புவேன்" என்றான். நானும் கிளம்பிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே பயணம் பள்ளிச் சுற்றுலா. அதற்கு வேண்டியது விசில், வருகைப் பதிவு, பெற்றோர் சம்மதக் கடிதம். இசக்கிசெல்வியிடம் அதைக் கேட்டபோது அவள், "டீச்சர், எங்கப்பா செலவுக்கு மாசாமாசம் நாந்தான் அனுப்புதேன். வேணும்னா நான் அவருக்குச் சம்மதக் கடிதம் எழுதித் தரட்டா?" என்றாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆசிரமத்தில் மதியம் வரை மௌனம் என்றார்கள். மௌனம் வேறு, வருகைப் பதிவு வேறு என்று நினைத்து நான் மெதுவாகப் பெயர் கூப்பிட, இசக்கிசெல்வி பழக்கதோஷத்தில் "உள்ளேன் டீச்சர்" என்று முழுக்குரலில் சொல்ல, கண்ணை மூடியிருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் கண்ணைத் திறந்துவிட்டார்கள். வகுப்பில் பேசுகிற பிள்ளைகளின் பெயரை முப்பது வருடமாகப் போர்டில் எழுத வைத்த டீச்சர் நான். அன்று ஆசிரமத்து அறிவிப்புப் போர்டில் மௌனம் கலைத்தவர் என்று இருந்த ஒரே பெயர் என்னுடையது. மறுநாள் கங்கைக்கரையில் நீ கணுக்கால் நனைத்ததும் நான் விசில் ஊதினேன். அந்த ஆற்றில் விசில் சத்தம் என்றால் ஆபத்தாம், எனக்கென்ன தெரியும், ரப்பர் படகில் போய்க்கொண்டிருந்தவன் எல்லாம் துடுப்பை அடித்துக்கொண்டு கரைக்கு வந்து "யார் முழுகினது" என்று கேட்டுகினு நிக்கிறான், நான் உன் செருப்பைக் கையில் புடிச்சிக்கினு நிக்கிறேன். "ஏட்டி சத்யா, அந்த விசிலை மட்டும் முழுக விட்டுரலாமா?" என்றாள் இசக்கிசெல்வி. நீ சிரித்தாய். அதுவரை எல்லாவற்றுக்கும் சிரித்தாய்.

மலைப்பாதையில்தான் தப்பு நடந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் அறைக்குத் திரும்ப வேண்டும் என்பது சுற்றுலா விதி. வெயில் இறங்கியது, நான் வண்டியைத் திருப்பச் சொன்னேன். டிரைவர் ஏதோ சொன்னார். லைனில் பக்கத்தில் நிற்கும் ஒடிசாக்காரப் பெண்ணிடம் இந்தி கற்ற இசக்கிசெல்வி, "அடுத்த வளைவுலயே பனி கெடக்காம், டீச்சர்" என்றாள். "இங்கிருந்தே தெரிகிறதே, பார்த்தாயிற்று" என்றேன். நீ கெஞ்சவில்லை. "பாக்கறதுக்கு போன் போதும் அத்தே. வருசம் பூரா கிளவுசுக்குள்ளயே கீது இந்தக் கை. ஒரு வாட்டி தொட்டுட்டு வந்துடறேன்" என்றாய். வண்டி திரும்பிவிட்டது. அப்புறம் நீ எதற்கும் சிரிக்கவில்லை.

நேற்று பிரிட்ஜைத் துடைத்தபோது பெயர்ந்து விழுந்த பனிக்கட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எலும்பு வரை குளிர்ந்தது, கீழே போட மனம் வரவில்லை. இதற்காகத்தானே பிள்ளை அவ்வளவு தூரம் வந்தாள் என்று அடுக்களையில் ஈரக்கையோடு நின்றேன். உன் லீவு போனது போனதுதான். பரீட்சை முடிந்த பிறகு பாடம் புரிகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், நானும் அந்த ரகம்.

அடுத்த லீவுக்கு நீங்கள் இருவருமே தனியாகப் போய்வாருங்கள். உன் அப்பாவிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். விசிலையும் அவனிடமே கொடுத்துவிட்டேன். இனி வருகைப் பதிவு இல்லை, சம்மதக் கடிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வா. வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இசக்கிசெல்வியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அத்தை ராஜம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். தனியாகப் போங்கள் என்று எழுதியதில் மாற்றமில்லை. ஆனால் அன்று வண்டியைத் திருப்பியதில் நானும் பனியைத் தொடவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஆகவே மூன்று டிக்கெட்டாகப் போட்டுவிடு. இசக்கிசெல்வி அவள் அப்பாவிடம் ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிவரட்டும். விசிலை யாக்கோபு பத்திரமாகத்தான் வைத்திருக்கிறான், போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம். அங்கே போனதும் தள்ளுமுள்ளு கூடாது, வரிசையாக நின்றுதான் பனியைத் தொட வேண்டும். முதலில் நீ.